நர்ஸம்மா வீட்டுச் சிவப்புக் கொடி: டிரினிடாட் தேர்தல் நாட்கள்

மதுரைப் பக்கம் அரசுப் பள்ளிகளில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். பத்துத் தேர்தலுக்கு மேல் பூத் டியூட்டி பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்றபின் முதல் வெளிநாட்டுப் பயணம், கரீபியக் கடலில் உள்ள டிரினிடாட்-டொபேகோ என்ற இரட்டைத் தீவு நாட்டுக்கு. அங்கேயும் தேர்தல். திட்டமிட்டுப் போகவில்லை. 2025 பிப்ரவரியில் டிக்கெட் எடுத்தேன். அதற்குப் பிறகுதான் பிரதமர் கீத் ரௌலி பதவியிலிருந்து இறங்கினார். ஸ்டூவர்ட் யங் மார்ச் 17 அன்று பதவியேற்று, மறுநாளே ஏப்ரல் 28இல் பொதுத்தேர்தல் என்று அறிவித்தார்.

தங்கியது ஷகுவானஸ் ஊரில், ஒரு நானியின் வீட்டில். அங்கே அம்மாவைப் பெற்ற பாட்டியை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் மகள் சில வருடங்களுக்கு முன்பு, 'மதராஸ்' என்று மட்டும் எழுதியிருந்த ஒரு பழைய கப்பல் பதிவின் நகலோடு தமிழ்நாட்டுக்கு வந்து, எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் இருந்தாள். பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் உறவு நிலைத்துவிட்டது. "தேர்தல் முடிந்ததும் வரட்டுமா?" என்று போனில் கேட்டேன். "இப்பத்தான் நீ வரணும் பேட்டி (மகளே)" என்றார் நானி.

ஏப்ரல் 17, வியாழன், சிப்பாரியா

வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, தூக்கம் இன்னும் சரியாகவில்லை. "இன்னைக்கு விட்டா அடுத்த வருஷந்தான்" என்று நானி எழுப்பிக் கிளப்பிவிட்டார்.

புனித வியாழனும் பெரிய வெள்ளியும் சிப்பாரியா மாதாவுக்கு விசேஷ நாட்கள். அது கத்தோலிக்கக் கோயில். அவர்கள் பெயர் 'லா திவீனா பஸ்தோரா'. ஆனால் இந்த இரண்டு நாளும் தீவின் இந்துக்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்களுக்கு அவள் 'சிப்பாரியா மாயி'. கோயிலை ஒட்டிய கூடத்தில் சிலையை வைத்திருந்தார்கள். சின்னச் சிலை, கறுத்த முகம், காணிக்கை நகைகள் மின்னும் உடை. தட்டில் அரிசி, பூ, எண்ணெய், மெழுகுவர்த்தி. வெளியே வரிசையாக உட்கார்ந்திருந்த ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொடுத்துக்கொண்டே நடந்தோம். ஒரு இளம் அப்பா குழந்தைக்கு முதல் முடி இறக்கிக்கொண்டிருந்தார். குழந்தை வீறிட்டு அழுதது. பக்கத்தில் நின்ற ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண் தன் சாவிக்கொத்தை ஆட்டி ஆட்டி அதைச் சமாதானப்படுத்தினார். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு வளர்ந்த எனக்கு எதுவுமே புதிதாகத் தெரியவில்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

இந்தச் சிப்பாரியாதான் எதிர்க்கட்சித் தலைவர் கம்லா பெர்சாட்-பிசெசரின் தொகுதி. 1995இலிருந்து அவர்தான் உறுப்பினர். 2010இல் நாட்டின் முதல் பெண் பிரதமர். 2015, 2020 இரண்டிலும் தோற்றவர். வழியெல்லாம் கம்பத்துக்குக் கம்பம் மஞ்சள் கொடி. அது அவருடைய ஐக்கிய தேசிய காங்கிரஸின் நிறம், சின்னம் உதயசூரியன். ஆளும் மக்கள் தேசிய இயக்கத்துக்குச் சிவப்பு. அதன் சின்னமான பாலிசியே பூ வாழை இனத்தை ஒத்த ஒரு காட்டுச் செடியில் பூக்கிறது. கூடத்து வரிசையில் மட்டும், நான் பார்த்தவரை, கட்சிச் சட்டை யாரும் போட்டிருக்கவில்லை.

திரும்பும்போது இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டும் என்று நானியின் மகள் வேகமாக ஓட்டினாள். 2024இல் மட்டும் 624 கொலைகள், சுமார் 14 லட்சம் பேர் வாழும் நாட்டில். டிசம்பர் 30 அன்று அறிவித்த அவசரநிலை நான்கு நாள் முன்பு, ஏப்ரல் 13இல்தான் முடிந்தது. எல்லா ஜன்னலிலும் இரும்புக் கம்பி.

ஏப்ரல் 19, சனி, ஷகுவானஸ்

காலை உணவு டபுள்ஸ். மஞ்சள் சேர்த்துப் பொரித்த மெத்தென்ற இரண்டு 'பாரா', அதன்மேல் கொண்டைக்கடலைக் குழம்பு, வெள்ளரிக்காய், புளிச்சட்னி, மிளகாய். கடைக்காரர் காகிதத்தில் வைத்து ஒரு சுழற்று சுழற்றி முடிச்சாகக் கொடுக்கிறார். "ஸ்லைட்?" என்று கேட்டால் காரம் கொஞ்சமாகப் போடவா என்று அர்த்தம். நான் நம்ம ஊர் நாக்கை நம்பி, நிறையவே போடச் சொன்னேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் நின்ற ஒரு இளைஞன் கேட்காமலேயே தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஒன்று 6 டாலர். அவர்கள் டாலர் அப்போது நம் பணத்தில் 12 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அப்படியென்றால் 75 ரூபாய். வயிறு நிறைய இரண்டு வேண்டும்.

இந்த ஊர் மரியாதையில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. மேக்ஸி டாக்ஸியில் (நம் ஊர் வேன் மாதிரி) ஏறுகிற ஒவ்வொருவரும் உள்ளே இருப்பவர்களுக்குப் பொதுவாக 'குட் மார்னிங்' சொல்கிறார்கள். எல்லோரும் பதில் சொல்கிறார்கள். தலையில் ஹெட்போன் மாட்டிய பையன்கூடச் சொல்கிறான்.

சந்தையில் பாகற்காய்க்குக் 'கரைலி', தட்டைப்பயற்றங்காய்க்கு 'போடி'. கடைப் பலகைகளில் மூன்சாமி, வீராசாமி. முனுசாமி எந்தக் குமாஸ்தாவின் பேனாவில் மூன்சாமி ஆனாரோ! 1845 மே 30 அன்று 'ஃபத்தல் ரசாக்' கப்பலில் தொடங்கிய இந்தியக் கூலித் தொழிலாளர் வரவில் பெரும்பாலோர் கல்கத்தா வழி வந்த போஜ்புரிக்காரர்கள். சென்னைத் துறைமுகம் வழி வந்தவர்கள் குறைவு. அவர்கள் பிள்ளைகளை இன்னும் 'மதராசி' என்கிறார்கள். நானியிடம் தமிழ் இல்லை. காளி கோயிலில் மட்டும் மாரியம்மன், மதுரைவீரன் பெயரைச் சொல்லத் தெரிகிறது. என் ஊர் மதுரை என்று சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவையும் இன்றுதான் பார்த்தேன். ஓய்வு பெற்ற நர்ஸ், ஆப்பிரிக்க வம்சாவளி, எழுபது வயது இருக்கும். நானி வீட்டு வாசலில் மஞ்சள் கொடி, நர்ஸம்மா வீட்டு வாசலில் சிவப்பு. நடுவே ஒரு சாக்கடை, அதன்மேல் ஒரு பலகை. அந்தப் பலகை வழியாக நாள் முழுக்கக் கிண்ணங்கள் போய் வருகின்றன.

ஏப்ரல் 22, செவ்வாய், லா பிரியா

உலகத்திலேயே பெரிய இயற்கைத் தார் ஏரி. சுமார் நூறு ஏக்கர். 1595இல் வால்டர் ராலே தன் கப்பல்களின் ஓட்டையை அடைத்தது இந்தத் தாரை வைத்துத்தான். ஏரி என்றாலும் மேலே நடக்கலாம், யானைத் தோல் மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. வழிகாட்டி கால் வைத்த இடத்தில் மட்டும் வைக்கச் சொன்னார். நான் ஒரு படம் எடுக்க அரை அடி தள்ளி நின்றேன். இடது செருப்பு உள்ளே இறங்கிவிட்டது. அவர் முழங்கை வரை விட்டு இழுத்தும் வார் மட்டுமே கையில் வந்தது. பிறகு தன் செருப்பைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு அந்தச் சூட்டில் நடந்தார். கூலிக்கு மேல் பணம் நீட்டியதற்கு வாங்க மறுத்தார்.

அவர் பொயின்ட்-ஆ-பியர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை பார்த்தவர். 2018இல் ஆலையை மூடினார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. எரிவாயுவும் குறைந்து வருகிறது. வெனிசுவேலாவோடு சேர்ந்து டிராகன் எரிவாயு வயலில் எடுக்கலாம் என்றுதான் யங் அரசு நம்பியிருந்தது. அதற்கான உரிமத்தை அமெரிக்கா இந்த ஏப்ரல் 8இல், பிரச்சாரத்தின் நடுவில், ரத்து செய்துவிட்டது. அமெரிக்க டாலர் தட்டுப்பாடு வேறு. நானியின் மகள் வங்கியில் வெளிநாட்டுப் பணத்துக்குக் காத்துக் காத்து அலுத்துப்போயிருக்கிறாள்.

"எங்க தாத்தா காலத்திலேருந்து எங்க வீட்ல பாலிசியேதான்" என்றார் வழிகாட்டி. "இந்தத் தடவை?" என்றேன். கையில் ஒட்டியிருந்த தாரைக் கல்லில் தேய்த்துக்கொண்டே, "பிள்ளைங்க கேக்குறாங்கம்மா, நாப்பது வருஷமா போட்டீங்களே, ஆலை எங்கன்னு" என்றார்.

காரில் வானொலி கேட்டபடி திரும்பினோம். இன்று கம்லாவுக்கு 73ஆவது பிறந்தநாள்.

ஏப்ரல் 24, வியாழன், போர்ட் ஆஃப் ஸ்பெயின்

வெயில் மண்டையைப் பிளந்தது. மழைக்காலம் தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மலைச் சரிவெல்லாம் காய்ந்து, நடுநடுவே பூயி மரங்கள் மட்டும் இலையே இல்லாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கின்றன.

வுட்ஃபோர்ட் சதுக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்து மோபி குடித்தேன். மரப்பட்டையை வேகவைத்துச் செய்யும் பானம். முதலில் இனிப்பு, தொண்டையில் கசப்பு. வேப்பம்பூ ரசம் குடிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். எரிக் வில்லியம்ஸ் ஐம்பதுகளில் இங்கே நின்றுதான் ஜனங்களுக்கு வரலாறும் பொருளாதாரமும் பாடம் எடுத்தார். 1956இல் இந்தச் சிவப்புக் கட்சியைத் தொடங்கினார். 1962இல் நாடு விடுதலை பெற்றதிலிருந்து 1981இல் இறக்கும்வரை அவரே பிரதமர். இந்தப் பேச்சுக்களமே 'பல்கலைக்கழகம்' என்று பெயர் வாங்கிவிட்டது. ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்?

எதிரே 'ரெட் ஹவுஸ்', நாடாளுமன்றம். 1990 ஜூலை 27 அன்று ஆயுதக் கும்பல் ஒன்று உள்ளே புகுந்து பிரதமர் ராபின்சனையும் உறுப்பினர்களையும் ஆறு நாள் பிணையாக வைத்தது. அதே ராபின்சன் பிறகு குடியரசுத் தலைவர் ஆனார். 2001 தேர்தலில் இரண்டு கட்சிக்கும் 18-18 என்று சமமாக வந்தபோது, யார் பிரதமர் என்று முடிவெடுக்கும் பொறுப்பு அவர் தலையில்தான் விழுந்தது. ஆட்சியில் இருந்த பாஸ்தேவ் பாண்டேவை விட்டுவிட்டு பேட்ரிக் மேனிங்கைத் தேர்ந்தெடுத்தார். அதன் காயம் நானியின் குரலில் இன்னும் இருக்கிறது. இப்போது தொகுதிகள் 41. ஒற்றைப்படை எண், சமமாகப் போகாது.

ஏப்ரல் 26, சனி

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கட்சி ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டோம். லாரி முழுக்க ஒலிபெருக்கி, சோகா பாட்டு, தாசா மேளம், ஹாரன், கொடி. இரண்டரை மணி நேரம் வண்டி நகரவில்லை. குளிர்சாதனம் நின்றுபோய் உள்ளே வெந்தோம். ஓட்டுநர் இறங்கி ரோட்டிலேயே ஆடினார். பின்சீட்டு அம்மா ஒருவர் மடியில் இருந்த பையைப் பிரித்து எல்லோருக்கும் உப்பும் மிளகாயும் புரட்டிய மாங்காய்த் துண்டு கொடுத்தார். மறுபக்கம் சிவப்புச் சட்டைக்காரர்கள் ஒரு காரில் மாட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் விரலை நீட்டி நீட்டிக் கிண்டல் செய்துகொண்டார்கள். எனக்கு நெஞ்சு படபடத்தது. நம் ஊரில் இப்படி இரண்டு கொடி எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள். இங்கே அந்த மாங்காய், ஜன்னல் வழியாக அந்தக் காருக்கும் போனது.

ஆனால் எல்லாமே இப்படி இனிப்பு என்று எழுதினால் பொய்யாகிவிடும். இந்தியர் மஞ்சள், ஆப்பிரிக்கர் சிவப்பு என்ற கோடு இங்கே பல வருடமாக இருக்கிறது. ராத்திரி போனில் வந்த சில செய்திகளை நானியின் மகள் காட்டினாள். இரண்டு பக்கத்திலிருந்தும் நிறத்தையும் இனத்தையும் சொல்லி வைதிருந்தார்கள். படித்ததும் சாப்பாடு இறங்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள், வாக்குப்பதிவு

காலை 6 மணியிலிருந்து மாலை 6 வரை ஓட்டு. ஐந்தரைக்கே நர்ஸம்மா தன் பழைய காரோடு வாசலில் வந்து ஹாரன் அடித்துவிட்டார். நானிக்கு முழங்கால் வலி, கார் ஓட்டத் தெரியாது. எத்தனையோ தேர்தலாக இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள். ஒருவர் ஓட்டு இன்னொருவர் ஓட்டை அடித்துவிடும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஓட்டுச்சாவடி ஒரு ஆரம்பப் பள்ளி. எந்த நாட்டிலும் அந்தச் சுண்ணாம்புக்கட்டி வாசனை ஒன்றுதான். நான் உள்ளே போகக்கூடாது. வாசலில் நின்ற பெண் போலீஸ், "டாலிங், கேட்டுக்கு அந்தப் பக்கம் மாமர நிழல்ல நில்லுங்க" என்று இடமும் காட்டினார். அங்கிருந்து வரிசை தெரிந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். வயதானவர்களுக்கு நாற்காலி கொடுத்து, வரிசை நகர நகர நாற்காலியையும் நகர்த்தினார்கள்.

இங்கே இயந்திரம் கிடையாது, காகிதச் சீட்டு. பெயருக்கும் சின்னத்துக்கும் எதிரே பென்சிலால் பெருக்கல் குறி. பிறகு மடித்துப் பெட்டியில் போட வேண்டும். நம்மூர் மாதிரி நகத்தின்மேல் கோடு இழுப்பதில்லை, விரலையே மையில் முக்குகிறார்கள். நானி கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். கைக்குட்டை பாழ். நர்ஸம்மா விரலைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்தபடி, மை காயும்வரை ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

சாயங்காலம் ஆறு மணி அடித்ததும் எனக்கு உள்ளுக்குள் பழைய பதைப்பு வந்துவிட்டது. சீல் வைக்கும் நேரம். ஆனால் இங்கே அடுத்து நடப்பது வேறு. அதே வகுப்பறையில், அதே அதிகாரி, கட்சி ஏஜெண்டுகள் கண்முன் பெட்டியைத் திறந்து எண்ணுகிறார். நானியின் மகள் மஞ்சள் கட்சிக்கு ஏஜெண்ட். எட்டரைக்கு வந்து, கால் கழுவாமல்கூட உட்கார்ந்து சொன்னாள். கதவைச் சாத்தினார்களாம். பெட்டியை மேஜைமேல் கவிழ்த்தார்களாம். ஒவ்வொரு சீட்டாக விரித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக் காட்டிவிட்டுத்தான் அடுக்கினார்களாம். ஒரு சீட்டில் இரண்டு பெயருக்கும் குறி. அதைத் தனியே வைத்தபோது, "பாவம், மனசு கேக்கலை போல" என்று சிவப்புக் கட்சி ஏஜெண்ட் சொன்னாராம்.

அவள் சொல்லச் சொல்ல நான் என் வருடங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். அரக்கு உருக்கி எத்தனை பெட்டிக்கு முத்திரை வைத்திருக்கிறேன், எத்தனை இயந்திரத்தை நடுராத்திரி லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். 2024இல் தமிழ்நாடு ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. நாற்பத்தாறு நாள். நான் மூடிய ஒரு பெட்டிகூடத் திறக்கப்படுவதை நான் பார்த்ததில்லை. நம் நாட்டின் அளவுக்கு அது முடியாது என்று தெரியும். ஆனாலும் அந்த வகுப்பறையில் ஒரு மூலையில் நிற்க எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது.

நர்ஸம்மா ஒரு பெரிய பானை பெலாவோடு பலகையைத் தாண்டி வந்தார். சர்க்கரையைக் கருக்கி, அதில் கோழியைப் புரட்டி, துவரையும் அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோறு. எல்லோரும் டிவி முன்னால். சான் ஃபெர்னாண்டோ மேற்கு மஞ்சளுக்குப் போனது. நர்ஸம்மா பேச்சைக் குறைத்தார். பாயின்ட் ஃபோர்டின் போனது. லா பிரியா போனது. வெறுங்காலோடு தாரில் நடந்த அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். தெருவில் பட்டாசு, மேளம். பேரன் ஒரு தட்டை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். நானி, "நிறுத்துடா, வீட்ல நர்ஸ் இருக்காங்கல்ல" என்று அதட்டினார்.

அன்றிரவே யங் தோல்வியை ஒப்புக்கொண்டு பேசினார். நர்ஸம்மா முழுதும் கேட்டார். பிறகு எழுந்து, "சரி, முடிஞ்சது. தட்டை எடுத்துட்டு வாங்க, ஆறிப் போவுது" என்று எல்லோருக்கும் அவரே பரிமாறினார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

மஞ்சள் 26, சிவப்பு 13. டொபேகோவின் இரண்டு இடமும் ஃபார்லி அகஸ்டினின் டொபேகோ மக்கள் கட்சிக்கு. யங் பிரதமராக இருந்தது ஆறே வாரம்.

நானி வீட்டில் காலையிலிருந்து போன் ஓயவில்லை. முதன்முதலில் கம்லா ஆட்சிக்கு வந்த 2010இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். நானியின் மகள், அது திரும்ப வரும், இனி தன் பையனுக்கும் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டாள். நம் பிள்ளைகள் கைக்கு அது வந்த நாளை வகுப்பறையில் பார்த்தவள் நான், அந்தச் சந்தோஷம் எனக்குப் புரிந்தது.

மத்தியானம் நர்ஸம்மாவுக்குக் கொழுக்கட்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். விரல் மை இன்னும் போகவில்லை. அவர் அக்கா மகன் சாலையோரப் புல் வெட்டும் அரசுத் திட்டத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். ஆட்சி மாறினால் இப்படிப்பட்ட வேலைகளும் மாறும் என்ற பயம் இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. "அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இதை நானியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் மாறியது. "2015ல எங்க வீட்ல இதே நடந்துச்சு. என் மகன் எட்டு மாசம் சும்மா இருந்தான். அப்ப அரிசி கொடுத்தது அவங்கதான்" என்றார்.

சாயங்காலம் நர்ஸம்மா சிவப்புக் கொடியை இறக்க ஏணி போட்டார். நானி முழங்காலைப் பிடித்துக்கொண்டே பலகையைத் தாண்டிப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். கொடியை மடித்து நர்ஸம்மா உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச நேரத்தில் நானி, பேரனைக் கூப்பிட்டுத் தன் வாசல் கொடியையும் இறக்கச் சொன்னார்.

மே 1, வியாழன், விமான நிலையம்

பெட்டியில் நானி தந்த குசேலா இரண்டு பாட்டில். துருவிய மாங்காயைக் காயவைத்துக் கடுகெண்ணெயில் போட்ட ஊறுகாய். மசாலா வாசனை நம் ஆவக்காய்க்குத் தூரத்து உறவு. எடை கூடியதில் ஒரு புடவையை அங்கேயே விட்டுவிட்டேன்.

நானியின் மகளுக்கு வேலை இருந்ததால், விமான நிலையத்துக்கு ஓட்டி வந்தது நர்ஸம்மாதான். வாடகைக் காருக்கு ஆகும் செலவை விசாரித்து வைத்திருந்தேன். அதைக் கொடுக்கப் போனதும், "அங்க வந்தா எனக்கு இட்லி கொடு" என்று கையைத் தள்ளிவிட்டார். பூயி மரங்களின் அடியில் பூவெல்லாம் கொட்டி ரோடு மஞ்சளாகக் கிடந்தது. வானொலியில் பேச்செல்லாம் பதவியேற்பு பற்றித்தான். ஓட்டுப் போட்ட மூன்றாம் நாள் கம்லா பெர்சாட்-பிசெசர் மறுபடியும் பிரதமராகிறார். நான் நர்ஸம்மா மனதுக்காக வானொலியை அணைக்கக் கை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டு, சத்தத்தைக் கூட்டினார்.